புள்ளியும் பாகையும்

1927ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அமெரிக்க மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்ட ஃபோர்டு ‘மாடல் ஏ’ காரின் எஞ்சினில், முன்பக்கத்து மூடியைக் கழற்றியவுடன் கண்ணில் படுவன, ஒன்றோடொன்று பல் கோத்து நிற்கும் இரண்டு சக்கரங்கள். கீழே இருக்கும் சிறிய சக்கரம் எஃகாலானது. அது கிராங்க் ஷாஃப்டின் முனையில் அமர்ந்திருக்கிறது. அதற்கு மேலே ஒருபுறமாக இருக்கும் பெரிய சக்கரம் கேம் ஷாஃப்டுக்கு உரியது. லியோ பேக்லண்ட் 1907இல் கண்டறிந்த பேக்கலைட் என்னும் செயற்கைப் பிசினில் துணியைத் தோய்த்து, அடுக்கடுக்காக அழுத்திக் கெட்டியாக்கி, அதில் பற்கள் வெட்டி ஆக்கப்பட்டது. சிறியது இரண்டு முறை சுற்றினால் பெரியது ஒரு முறை சுற்றும். இரண்டு சக்கரங்களிலும் ஒவ்வோர் அடையாளம் இருக்கிறது. ஒன்றின் குறி மற்றொன்றின் குறிக்கு நேராக வரும்படி பற்களைக் கோத்துவிட்டால், எந்த வால்வு எந்தக் கணத்தில் திறக்க வேண்டும், எந்தக் கணத்தில் மூட வேண்டும் என்னும் கால ஒழுங்கு முழுவதும் ஒரே செய்கையில் நிர்ணயமாகிவிடும் என்பது தொழிற்சாலை செய்து வைத்த ஏற்பாடு.

அந்தச் சிறு புள்ளி கூறுவது என்ன, அது கூறுவது உண்மைதானா என்பதை எவ்வாறு சோதித்து அறிவது என்னும் இரண்டு விஷயங்களையுமே இந்த அத்தியாயத்தில் ஆராயப் போகிறோம். இரண்டாவது கேள்வி தேவையற்றது என்று சிலருக்குத் தோன்றலாம். தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு யந்திரத்தை, பல கைகள் பிரித்துக் கோத்த பின்னர், கேம் ஷாஃப்டைப் புதிதாகச் சாணை பிடித்தும், பற்சக்கரத்தை மாற்றியும் வைத்திருக்கும் நிலையில் எதிர்கொள்ளும்போது, முதற்கேள்வியைக் காட்டிலும் அதுவே முக்கியமானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மாடல் ஏயின் எஞ்சின், ஃபிளாட்ஹெட் என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே தொங்காமல், சிலிண்டருக்குப் பக்கத்தில், அதே வார்ப்பிலேயே, தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். கேம் ஷாஃப்ட் அவற்றுக்கு நேர் கீழே ஓடுகிறது. கேமின் மேல் டாப்பெட், டாப்பெட்டின் மேல் வால்வுத் தண்டு, இவ்வளவுதான். நீண்ட தள்ளுகோல்களும் ராக்கர்களும் இடையில் இல்லை. மேலே மூடுவதற்கு ஒரு தட்டையான வார்ப்பு மூடி போதும். வார்ப்பதற்கும் கடைவதற்கும் சுலபமாக, ஓசை குறைந்ததாக, விலை மலிந்ததாக அமைந்த இந்த எஞ்சினுக்கு 3⅞ அங்குல விட்டமும் 4¼ அங்குல ஓட்டமும் உள்ள நான்கு சிலிண்டர்கள். நிமிஷத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைச் சக்தி. அமுக்க விகிதம் 4.22 மட்டுமே. இன்றைய எஞ்சின்களை அறிந்தவருக்கு இந்த எண் மிகவும் அற்பமாகத் தோன்றும். அக்காலத்துப் பெட்ரோல் அதற்கு மேல் அதிகம் தாங்காது என்பதையும், வால்வுகளின் மேலே பக்கவாட்டில் பரந்து கிடக்கும் எரிகூடம் விகிதத்தை உயர்த்த இடம் கொடாதது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆயினும், 1931 வரையில் சுமார் 48 லட்சம் கார்களில் இந்த எஞ்சின் ஓடிற்று. பின்னர் ருஷ்யாவிலும், உரிமம் பெற்று, காஸ்-ஏ என்ற பெயரோடு 1932 முதல் உற்பத்தியாயிற்று.

இனி வால்வுகளின் கதைக்கு வருவோம். உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு ஓட்டங்களைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்கள், பிஸ்டன் மேல்முனையிலிருந்து இறங்கத் தொடங்கும்போது இன்லெட் வால்வு திறந்து, அது கீழ்முனையை அடைந்ததும் மூடிக்கொள்ளும் என்றே கருதியிருப்பார்கள். படத்துக்கு அது பொருத்தம், யந்திரத்துக்குப் பொருந்தாது. மாடல் ஏயின் கேம் ஷாஃப்ட், இன்லெட் வால்வை மேல்முனைக்கு 7½ பாகை முன்னதாகவே திறக்கிறது. கீழ்முனை கழிந்து 48½ பாகை சென்ற பிறகே மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வைக் கீழ்முனைக்கு 51½ பாகை முன்னரே திறந்து, மேல்முனை கழிந்து 4½ பாகையில் மூடுகிறது. கூட்டிப் பார்த்தால் இரண்டு வால்வுகளும் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியில் சரியாக 236 பாகை வீதம் திறந்திருக்கின்றன; மேல்முனையை அடுத்து இரண்டும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் காலம் 12 பாகை.

இந்தப் பிந்தலுக்கும் முந்தலுக்கும் காரணம் காற்றுக்கும் எடை உண்டு என்பதே. 2,200 சுற்றில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றி வருவதற்கு ஆகும் காலம் விநாடியின் ஆயிரத்தில் 27 பங்கு. அதில் இன்லெட் வால்வு திறந்திருப்பது ஆயிரத்தில் 18 பங்குக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சொற்ப அவகாசத்தில், குழாயில் அசைவற்று நிற்கும் கலவையை இழுத்து ஓடச் செய்ய வேண்டியிருக்கிறது. ஓடத் தொடங்கிய கலவையோ, பிஸ்டன் கீழே நின்றுவிட்டது என்பதற்காகத் தானும் நின்றுவிடுவதில்லை. தன் வேகத்தின் பலத்தால் அது இன்னும் சிலிண்டருக்குள் வந்துகொண்டே இருக்கிறது. பிஸ்டன் மறுபடி மேலேறத் தொடங்கிய பிறகும் வருகிறது. அந்த வேகம் ஓயும் கணத்தில், உள்ளே வந்தது திரும்பி வெளியேறத் தலைப்படுமுன், வால்வை மூடிவிட வேண்டும். எஞ்சின் மெல்ல ஓடும்போது அந்தக் கணம் முந்தி வரும்; விரைந்து ஓடும்போது பிந்தி வரும். ஆகையால், எந்தக் கேம் ஷாஃப்டும் எல்லா வேகத்துக்கும் உகந்ததாக இருத்தல் இயலாது. ஏதேனும் ஒரு வேகத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சமரசமாகவே இருக்கும். ஃபோர்டின் வல்லுநர்கள் கிராமத்துச் செம்மண் பாதையில் கியரை அடிக்கடி மாற்றாமல் இழுத்துச் செல்லும் எஞ்சினை விரும்பினார்கள். 48½ என்னும் எண்ணில் அந்த விருப்பம் எழுதப்பட்டிருக்கிறது.

எக்ஸாஸ்ட் வால்வு முந்தித் திறப்பதும் இவ்வாறே. கீழ்முனைக்கு 51½ பாகை இருக்கும்போது பிஸ்டன் இறங்க வேண்டிய தூரம் சுமார் 0.6 அங்குலம்தான், அந்தச் சிறு தூரத்தில் எரிந்த வாயு தரக்கூடிய வேலை அற்பம். அதைத் தியாகம் செய்து வால்வைத் திறந்துவிட்டால், மிச்சமிருக்கும் அழுத்தத்தாலேயே வாயு பெரும்பகுதி சீறி வெளியேறிவிடும். பிஸ்டன் அதைச் சிரமப்பட்டுத் தள்ள வேண்டியதில்லை.

இப்போது, கோக்கும்போது ஒரு பல் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய சக்கரத்தில் 50 பற்கள் என்று கொண்டால், ஒரு பல்லுக்குக் கேம் ஷாஃப்டில் 7.2 பாகை, கிராங்க் ஷாஃப்டில் அது 14.4 பாகை ஆகும். பிந்திய பக்கமாகத் தவறினால், இன்லெட் வால்வு மூடுவது கீழ்முனை கழிந்து 48½இல் அன்று, ஏறக்குறைய 63 பாகையில். சரியான நிலையில், வால்வு மூடுமுன் பிஸ்டன் மேலேறியிருக்கும் தூரம் 0.55 அங்குலம், தவறிய நிலையில் அது 0.9 அங்குலத்துக்கும் மேல். 4¼ அங்குல ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தூரம், உறிஞ்சிய கலவையை வந்த வழியே திருப்பி அனுப்புவதில் கழிகிறது. காகிதத்தில் 4.22 என்றிருக்கும் அமுக்க விகிதம், வால்வு மூடிய பின்னர் உண்மையில் நடைபெறும் அமுக்கலைக் கணக்கிட்டால், சரியான நிலையில் 3.8 ஆகவும், ஒரு பல் பிந்திய நிலையில் 3.5 ஆகவும் இறங்கிவிடுகிறது. மெல்ல ஓடும்போது, கலவைக்கு வேகமும் இல்லை, வால்வும் மூடவில்லை என்பதால், இந்த நஷ்டம் மிகக் கொடியது. முந்திய பக்கமாகத் தவறினால் வேறு விதமான தொல்லை: எக்ஸாஸ்ட் வால்வு மேல்முனைக்கு 10 பாகை முன்னரே மூடிக்கொள்ள, இன்லெட் வால்வு 22 பாகை முன்னரே திறந்து நிற்க, வெளியேற இடமற்ற எரிந்த வாயு இன்லெட் குழாய்க்குள் பாய்கிறது, கார்புரேட்டர் தும்முகிறது.

ஃபிளாட்ஹெட் எஞ்சினின் விசேஷமான இயல்பு ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. வால்வு மேலே தொங்கும் எஞ்சின்கள் பலவற்றில் டைமிங் பெரிதும் தவறினால் பிஸ்டன் வந்து வால்வை மோதும், வால்வு வளையும், தவறு செய்தவன் முதற்சுற்றிலேயே தண்டிக்கப்படுவான். ஃபிளாட்ஹெட்டில் வால்வு பிஸ்டனின் பாதையில் இல்லவே இல்லை. எவ்வளவு தவறாகக் கோத்தாலும் எதுவும் உடைவதில்லை. ஒரு பல் தவறிய எஞ்சின் பெரும்பாலும் கிளம்பிவிடும், ஓடும், காலை வேளையில் நிழலில் நிறுத்திக் கேட்பவருக்குக் குறை ஏதும் தெரியாது. ஏற்றத்தில்தான் தெரியும், வண்டி மூச்சு வாங்கும், ரேடியேட்டர் கொதிக்கும். அப்போது உரிமையாளர் கார்புரேட்டரைப் பிரிப்பார், ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார், பெட்ரோல் பம்புக்காரரைக் குறை சொல்வார். முன்மூடிக்குள் அமைதியாக இருக்கும் காரணத்தை நினைக்கவே மாட்டார். மன்னிக்கும் குணமுள்ள யந்திரம் மறைக்கும் குணமும் உள்ளதாகிவிடுகிறது. ஆகையினாலேயே இதில் அளந்து அறிதல் அவசியமாகிறது.

இவ்விடத்தில், மாடல் ஏயில் எனக்கு மிகவும் பிடித்தமான ஓர் அமைப்பைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. முன்மூடியில் ஒரு சிறு ஊசியைத் திருகி வைத்திருக்கிறார்கள். ஓடும்போது அது வெறும் அடைப்பு. எண்ணெய் வெளியே வராமல் காக்கிறது. பற்றவைப்பின் காலத்தைச் சரிபார்க்க வேண்டும்போது அதைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, உருண்ட முனையை அதே துளைக்குள் செருகி, விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். ஊசியின் முனை பெரிய பற்சக்கரத்தின் முகத்தில் வழுக்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று ஒரு சிறு குழிக்குள் விழும். விரலுக்கு அது தெளிவாகத் தெரியும். அக்கணத்தில் முதற் சிலிண்டரின் பிஸ்டன் அமுக்கல் ஓட்டத்தின் மேல்முனையில் நிற்கிறது. ஸ்டியரிங் தண்டின் இடப்பக்கத்து நெம்புகோலை முழுவதும் மேலே தள்ளிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் முனைகள் அப்போதுதான் பிரியுமாறு அமைத்துவிட்டால் காரியம் முடிந்தது. தனிக் கருவி இல்லை, விளக்கு இல்லை, அளவுகோல் இல்லை. ஒரு விவசாயி தன் களத்து மரத்தடியிலேயே செய்துகொள்ளலாம். வண்டியைச் செய்தவர்கள் அதை வாங்குகிறவனை மதித்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த ஊசி எதைத் தொடுகிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அது தொடுவது கேம் ஷாஃப்டின் சக்கரத்தை. பிஸ்டனை அன்று, கிராங்க் ஷாஃப்டையும் அன்று. டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் ஷாஃப்டின் நடுவிலுள்ள பற்களிலிருந்தே ஓட்டம் பெறுகிறது. ஆகையால் இரண்டு சக்கரங்களையும் ஒரு பல் தவறிக் கோத்துவிட்டால், ஊசி வழக்கம்போலவே குழிக்குள் விழும். பற்றவைப்பும் அந்தக் குழியை நம்பியே அமைக்கப்படும். வால்வுகளோடு தீப்பொறியும் சேர்ந்து 14 பாகை பிசகிவிடும். மாற்றுச் சக்கரமொன்றில் குழியே சற்று விலகி அமைந்திருந்தாலும் தீப்பொறி பிசகிவிடும். நம் தர்க்க சாஸ்திரிகளின் பாஷையில் சொன்னால், புள்ளியும் குழியும் ஆப்த வாக்கியங்கள். சொன்னவர் நம்பத் தகுந்தவராக இருக்கும் வரையில் அவை பிரமாணமாகும். பிரத்தியட்சத்தை நாடுகிறவர் பிஸ்டனிடமே போய்க் கேட்க வேண்டும்.

பிஸ்டனிடம் கேட்பது எளிதன்று என்பதுதான் இதில் சுவையான பகுதி. மேல்முனை எங்கே இருக்கிறது? ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிஸ்டனின் மேல் டயல் கேஜை நிறுத்தி, கிராங்க் ஷாஃப்டை மெல்லத் திருப்பி, முள் மிக உயர்ந்து நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதாதா என்று தோன்றும். போதாது. ஊஞ்சல் தன் உச்சியில் நின்றது போலத் தோன்றித் திரும்புவதைப் போல, பிஸ்டனும் மேல்முனையை அடுத்து ஏறக்குறைய நின்றே விடுகிறது. மாடல் ஏயில் மேல்முனைக்கு இருபுறமும் 5 பாகை வரையில் கிராங்க் ஷாஃப்டைத் திருப்பினாலும் பிஸ்டன் அசைவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு மட்டுமே. ஓட்டத்தின் நடுவிலோ ஒரே பாகைக்கு அதைப் போல மூன்றரை மடங்கு அசைகிறது. உச்சியைக் கண்ணால் தேடுகிறவர் இரண்டு மூன்று பாகை பிழை செய்வது நிச்சயம். அந்தப் பிழை பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, பிஸ்டன் நிற்கும் இடத்தில் அளக்காமல், அது நன்றாக ஓடும் இடத்தில் அளக்க வேண்டும். முறை இதுதான். 360 பாகையும் பொறித்த வட்டத் தகடு ஒன்றைக் கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் பொருத்தி, முன்மூடியின் போல்ட் ஒன்றில் கெட்டியான கம்பியைக் கட்டி, அதன் நுனியைக் கூராக்கித் தகட்டின் விளிம்பை ஒட்டி நிற்கும்படி வளைத்துக்கொள்க. முதற் சிலிண்டரின் வாய்க்குக் குறுக்கே, ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களிலேயே, ஒரு தடித்த இரும்புப் பட்டையை முடுக்கி, அதன் நடுவில் ஒரு போல்ட்டைச் செலுத்தி, பிஸ்டன் மேல்முனைக்குச் சற்று முன்பே அதில் முட்டி நிற்குமாறு செய்க. இப்போது கிராங்க் ஷாஃப்டைக் கையால் ஒரு பக்கமாகத் திருப்பினால் பிஸ்டன் முட்டி நிற்கும். தகடு காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபக்கமாகத் திருப்பி, அங்கே முட்டி நிற்கும் எண்ணையும் குறித்துக்கொள்க. ஒரு பக்கம் 41, மறுபக்கம் 35 என்று வந்தால், நாம் பூஜ்யம் என்று எண்ணியிருந்த இடம் 3 பாகை தவறு. தகட்டை அவ்வளவு நகர்த்தினால் இரண்டு பக்கமும் 38 ஆகும். மேல்முனை அவ்விரண்டுக்கும் நட்ட நடுவில் இருக்கிறது. பிஸ்டன் அந்த இடத்துக்குப் போகவே இல்லை; ஆயினும் அரைப் பாகைக்குள் அதைக் கண்டுவிட்டோம். வானநூலார் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை, காலையிலும் மாலையிலும் ஒரே உயரத்தில் அதைப் பார்த்து, இடைப்பட்ட காலத்தைப் பாதியாக்கிக் கண்டதும் இந்த யுக்தியாலேயே.

மேல்முனை தெரிந்த பிறகு கேமிடம் கேட்கலாம். மாடல் ஏயில் முன்னாலிருந்து எண்ணும்போது முதல் வால்வு எக்ஸாஸ்ட், இரண்டாவதுதான் முதற் சிலிண்டரின் இன்லெட். ஒன்று இரண்டு சிலிண்டர்களின் இன்லெட்டுகள் அருகருகே ஒரே வாய்க்குப் பொதுவாக நிற்பதால் இந்த வரிசை. இரண்டாவது வால்வின் தலையில் டயல் கேஜை நிறுத்துக. வால்வு எப்போது திறக்கத் தொடங்குகிறது என்று பார்த்து 7½ பாகையோடு ஒப்பிடுவது இயல்பாகத் தோன்றும் வழி. அதுவும் நம்பத் தகாதது. கேமின் தொடக்கச் சரிவு மிகவும் மெல்லியது; வால்வுக்கும் டாப்பெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஓர் இழை கூடினாலும் திறப்பது பிந்தும், மூடுவது முந்தும். மாடல் ஏயின் டாப்பெட்டுகளில் திருகிச் சரிசெய்யும் வசதியே கிடையாது. வால்வுத் தண்டின் அடி காளானைப் போல் அகன்றிருக்கும், அதை அரைத்துத்தான் இடைவெளியை அமைக்க வேண்டும். கூடுதலாக அரைத்துவிட்டால் திரும்பச் சேர்க்க வழியில்லை. ஆகவே எட்டு வால்வுகளுக்கும் இடைவெளி சற்றே வேறுபட்டிருப்பது பழைய எஞ்சின்களில் சாதாரணம்.

இடைவெளி எதுவாயினும் மாறாத ஒன்று உண்டு: கேமின் முகட்டின் நடு. முன்னர்ச் செய்த யுக்தியையே இங்கும் செய்கிறோம். வால்வு முழுவதும் எழுந்த நிலையில் கேஜைப் பூஜ்யமாக்கி, பின்னுக்குத் திருப்பி, மறுபடி ஓடும் திசையிலேயே வந்து, முழு உயரத்துக்கு ஆயிரத்தில் 50 பங்கு அங்குலம் குறைவாக இருக்கும் இடத்தில் தகட்டைப் படிக்கிறோம். முகட்டைக் கடந்து, இறங்கும்போது அதே அளவு குறைந்த இடத்தில் மறுபடி படிக்கிறோம். மேல்முனை கழிந்து 78, 143 என்று வந்தால், நடு 110½. மேலே தந்த எண்களிலிருந்து கணக்கிட்டாலும் இதுவே கிடைக்கும்: 236இல் பாதி 118, அதிலிருந்து, முந்தித் திறக்கும் 7½ஐக் கழித்தால் 110½. நம் எஞ்சினும் அந்த எண்ணைக் காட்டினால் புள்ளி சொன்னது மெய். 125 என்று காட்டினால் ஒரு பல் பிந்தியிருக்கிறது. 114 அல்லது 107 என்று காட்டினால், பல் சரியாகவே கோக்கப்பட்டிருக்கிறது; கேமைச் சாணை பிடித்தபோதோ, சக்கரத்தின் துளைகளைத் துளைத்தபோதோ பிசகு நேர்ந்திருக்கிறது. புள்ளிகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த மூன்றாவது நிலை தென்படாது.

ஓடும் திசையிலேயே வர வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம், எந்த இரு பற்சக்கரங்களுக்கு இடையிலும் சிறிது தளர்வு இருந்தே தீரும் என்பதே. முன்னும் பின்னும் திருப்பிப் படித்தால் அந்தத் தளர்வும் அளவில் கலந்துவிடும். மாடல் ஏயின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சாய்ந்த பல் ஓசையைக் குறைக்கும். பேக்கலைட்டுத் துணியும் அதற்காகவே. ஆனால் சாய்ந்த பற்களுள்ள சக்கரம் முன்பின்னாக நகர்ந்தால், அந்த நகர்ச்சி அப்படியே சிறிது சுழற்சியாகவும் மாறிவிடும். கேம் ஷாஃப்ட் முன்னே வராதபடி முன்மூடிக்குள் ஒரு சுருள்வில்லும் அதன் முனையில் ஒரு சிறு தண்டும் அதை அழுத்திக்கொண்டிருக்கின்றன. மூடியைக் கழற்றி அளக்கும்போது அந்த அழுத்தம் இல்லை. ஆதலால் கேம் ஷாஃப்டை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். இதைக் கவனியாமல் எடுத்த எண்கள் ஒரு தடவை போல் மறு தடவை வருவதில்லை.

அளந்து அறிவது மட்டுமன்றி, வேண்டுமென்றே நகர்த்தவும் கற்றுக்கொண்டவர்கள் கலிபோர்னியாவின் இளைஞர்கள். முரோக் என்னும் வறண்ட ஏரிப் படுகையின் கெட்டியான மண்ணில் பழைய ஃபோர்டுகளை ஓட்டிப் பந்தயம் விட்ட அவர்களுக்கு, எட் வின்ஃபீல்ட் என்பவர் 1920களிலேயே புதிய வடிவத்தில் கேம்களைச் சாணை பிடித்துக் கொடுத்தார். 1932இல் ஃபோர்டு எட்டுச் சிலிண்டர் ஃபிளாட்ஹெட்டை வெளியிட்ட பின்னர் அந்தக் கலை மேலும் வளர்ந்தது. இரு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவே ஒரே கேம் ஷாஃப்ட் பதினாறு வால்வுகளையும் இயக்கும் அந்த எஞ்சின் 1953 வரையில் அமெரிக்காவில் உற்பத்தியாயிற்று. வின்ஃபீல்டிடம் பயின்ற எட் இஸ்கெண்டேரியன், இரண்டாம் உலகப் போருக்குப் பின், சாதாரணச் சாணை யந்திரம் ஒன்றைத் தாமே மாற்றியமைத்துக் கேம் செய்யத் தொடங்கிப் பெரும் பெயர் பெற்றார். கேம் ஷாஃப்ட் முழுவதையும் நான்கு பாகை முந்தச் செய்தால் இன்லெட் வால்வு முந்தி மூடும். மெல்ல ஓடும்போது இழுவை மிகும். பிந்தச் செய்தால் மேல் வேகத்தில் சற்று ஆதாயம், கீழே நஷ்டம். ஏரிப் படுகையில் ஓடியவர்களுக்குப் பின்னது உதவிற்று. ஊர்ச் சாலையில் பழைய காரை ஓட்டுகிறவருக்கு, தொழிற்சாலை தந்த 110½ஐக் காட்டிலும் நல்ல எண் ஏதும் இல்லை என்றே கருதுகிறேன். ஓரிரு பாகை முந்தியிருந்தால் குறையில்லை, பிந்தியிருந்தால் விட்டுவைக்கக் கூடாது.

பிசகைத் திருத்தும் வழிகள் சிலவே. ஒரு பல் தவறியிருந்தால் சக்கரத்தைக் கழற்றி மறுபடி கோக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று பாகை மட்டும் பிசகியிருந்தால், சக்கரத்தைக் கேம் ஷாஃப்டோடு பிணைக்கும் ஊசிகளின் துளைகளைச் சற்று விலக்கி அமைப்பதோ, சிறிய சக்கரத்தைப் பிடிக்கும் சாவியை ஓரம் தள்ளி வெட்டுவதோ, நகர்த்திப் பூட்டக்கூடிய சக்கரத்தை வாங்கிப் போடுவதோ செய்யலாம். எதைச் செய்தாலும், மூடியைப் பூட்டுமுன் கிராங்க் ஷாஃப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றனவா என்று பார்த்து, முகட்டின் நடுவை மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே அவை சந்திக்கும் என்பதை மறந்து, ஒரே சுற்றில் பெரிய சக்கரத்தின் குறி எதிர்ப்பக்கம் போய்விட்டதைக் கண்டு திகைத்துச் சரியாக இருந்ததைக் கலைத்துவிடுகிறவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட எஞ்சினை வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அளந்த எண்களை, மேல்முனையின் இரு பக்க அளவு, இன்லெட் முகட்டின் நடு, எக்ஸாஸ்ட் முகட்டின் நடு, எட்டு வால்வுகளின் இடைவெளி, சக்கரம் மாற்றப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி, வண்டியின் மற்றப் பத்திரங்களோடு பத்திரப்படுத்தி வையுங்கள். மூடியைப் பூட்டிய பிறகு அந்த விவரங்கள் வெளியில் யாருக்கும் தெரியா. அடுத்து அதைத் திறக்கப் போகிறவர் உங்களை அறியாதவராகக்கூட இருக்கலாம், அவருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கும்.